விடியச் சொல்லுறவர்

அந்த வீட்டில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு எப்படி இருந்தது என்று அவர் சொன்னது அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்கு. நான் கிணற்றடியில் வாய் நிறைய நுரையோடு பல் விளக்கிக்கொண்டு நின்றேன். வாழைகளுக்குள்ளிருந்து மண்வெட்டியும் கையுமாக வந்தவர், நாலு முழம் தள்ளி நின்று தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நேற்றைய விரால் குழம்பு நல்லம்."

அவ்வளவுதான். வயலுக்குப் போய்விட்டார்.

விவசாயப் போதனாசிரியராக எனக்குக் கிடைத்த முதல் நியமனம் கிளிநொச்சிப் பக்கம். தென்மராட்சியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து வட்டக்கச்சியில் அவர்களுடைய பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரே மகள் வவுனியாவில் தாதி. வந்த அன்றே அந்த அம்மா, "என்னை மாமி எண்டு கூப்பிடு பிள்ளை, மேடம் கீடம் எண்டு தூரத்தாலை கூப்பிடாதை" என்றுவிட்டதால் அவரும் எனக்கு மாமாவாகிவிட்டார்.

அன்று மத்தியானம் மாமி விரால் குழம்பும் முருங்கையிலை வறையும் வைத்திருந்தார். நான் முதல் கவளத்திலேயே உருகிப்போய், "மாமி, இப்பிடி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை" என்றேன். உண்மைதான். ஆனால் அந்த வசனத்தை நான் வேறு வீடுகளிலும் சொல்லியிருக்கிறேன் என்பதும் உண்மை. மாமாவும் ஏதாவது சொல்லட்டும் என்று, "என்ன மாமா?" என்றேன்.

அவர் சாப்பாட்டை நிறுத்தி, கூரையை அண்ணாந்து பார்த்தார். எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கிறவரைப்போல மூலை மூலையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"விடியச் சொல்லுறன்."

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். மாமி முகத்தைத் திருப்பாமலே, "நீ சாப்பிடு பிள்ளை. அவரின்ரை நாக்கு நாளைக்குத்தான் வரும்" என்றார்.

ஊரில் அவருக்குப் பெயரே 'விடியச் சொல்லுறவர்'. எதையும் அன்றைக்கே நல்லது என்று சொல்ல மாட்டார். சாப்பாடு, கச்சேரி, புது மாடு, புது மருமகள், எதைக் கேட்டாலும் முதலில் கூரை, பிறகு அந்த இரண்டு சொல். மறந்துவிடுவார் என்று மட்டும் யாரும் நம்பக்கூடாது. விடிந்ததும் படலையைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்.

ஒருநாள் அவருடைய வயல் வரம்பில் நின்று, நான் கொண்டுவந்த புது நெல்லினம் நன்றாகக் கதிர் விட்டிருப்பதைக் காட்டிப் பெருமைப்பட்டேன். "எப்பிடி மாமா, சந்தோசம்தானே?" என்று கேட்டு, அவர் தலையை அண்ணாந்ததும் எனக்குச் சினம் வந்துவிட்டது. வயலில் கூரைகூட இல்லை. வெறும் வானத்தைப் பார்த்தார்.

"ஏன் மாமா இப்பிடி? சந்தோசமோ இல்லையோ எண்டு இப்பவே தெரியாதோ?"

"தெரியாது பிள்ளை." வரம்பில் குந்தினார். "சந்தோசம் ரெண்டு சாதி. ஒண்டு வந்த கையோட போறது. மற்றது நித்திரை கொண்டு எழும்பினாப் பிறகும் அங்கையே கிடக்கிறது. வரேக்கை ரெண்டும் ஒரே சட்டைதான் போட்டுக்கொண்டு வரும். ஆர் எவர் எண்டு விடியத்தான் பிடிபடும்."

"இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நண்டு" என்றார்.

இருபத்திரண்டு வயதில், அக்கராயனில், நெருங்கிய சிநேகிதனின் கலியாணமாம். கலியாணத்துக்குப் பிறகு நாலாஞ்சடங்கு. அன்றைக்குத்தான் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பார்கள். நண்டுக் கறி. அந்த வயதில் அவர் நினைத்ததை நினைத்த இடத்தில் சொல்லுகிறவர். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரனிடம் மைக்கைப் பறித்து, "இந்த நண்டை ஆக்கின கைக்கு வளையல் போடவேணும்" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய பேச்சைக் கேட்டு, நண்டு வேண்டாம் என்றிருந்தவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். விடியற்புறம் பார்த்தால் அந்த ஊரில் ஒரு பற்றை, ஒரு புதர் மிச்சமில்லை. ஒவ்வொரு பற்றைக்குப் பின்னாலும் ஒருவர். மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு.

"எனக்குப் பக்கத்துப் பற்றையிலை பொம்பிளையின்ரை தேப்பன். அவர் அங்கையிருந்தே கேட்டார், 'தம்பி, வளையல் எப்பவாம் போடுறது?' எண்டு. அண்டைக்கு முடிவெடுத்தனான் பிள்ளை."

அடுத்த நாள் காலை அவர் என் யன்னலடியில் வந்து, "நெல் நல்லம். வைக்கோல் கட்டை, உயரம் காணாது" என்றார். அந்தப் பருவம் எனக்குக் கிடைத்த கருத்துகளில் மேலதிகாரிக்கு அப்படியே எழுதியனுப்பியது அது ஒன்றைத்தான்.

அவருடைய பழக்கத்தால் ஊரில் மனத்தாங்கல்கள் இல்லாமல் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர், சுவிசில் இருந்த மகனின் உதவியோடு வீடு கட்டிச் செம்மஞ்சள் நிறம் அடித்துக் குடிபூரல் வைத்தார். ஊரே வந்து மூக்கில் விரல் வைத்தது. மாமா மட்டும் எல்லா அறைகளுக்கும் போய், எல்லாக் கூரைகளையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். முதல்நாள் வேலைக் களைப்பில் அசந்து கிடந்த மனிசன் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பதறி ஓடிவந்து திறந்தால், இவர்.

"வீடு நல்லம். காத்து வருது. நிறந்தான், படுத்து எழும்பினாப் பிறகும் கண்ணுக்குள்ளை நிக்குது."

அந்த மனிசன் இரண்டு மாதம் இவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அடித்து முடித்த அன்று இவரைக் கூப்பிடாமல், அடுத்த நாள் விடியத்தான் கூப்பிட்டார்.

எனக்கு மறக்க முடியாதது கோயில் திருவிழா. யாழ்ப்பாணத்திலிருந்து நாதஸ்வரக் குழு ஒன்றைக் கூப்பிட்டிருந்தார்கள். சனத்துக்குத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோயிருந்தது. மாமா சால்வைக்குள் இரண்டு கையையும் மடித்து வைத்துக்கொண்டு, சத்தியாக்கிரகத்தில் இருக்கிறவர்போல இருந்தார். வித்துவான் இரண்டு தரம் அவரை ஓரக்கண்ணால் பார்த்ததை நானே கண்டேன். மாமி வெட்கத்தில் இடம்மாறி என்னோடு வந்து இருந்துகொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. நான் பூ வைக்கக் கோயிலுக்குப் போனேன். மடத்தில் குழுவினர் அப்போதுதான் எழும்பியிருந்தார்கள். வித்துவான் சாரத்தோடு, வாயில் வேப்பங்குச்சியோடு படியில் நின்றார். அவருக்கு முன்னால் மாமா. தனியாக. கை தட்டிக்கொண்டிருந்தார். ஒருநிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். வெறும் கோயில் வீதியில் அந்தச் சத்தத்துக்கு மயில் ஒன்று மதிலிலிருந்து எழும்பிப் பறந்தது.

வித்துவான் குச்சியைத் துப்பிவிட்டு, "என்ன ஐயா இது?" என்றார்.

"நேற்றைய வாசிப்புக்கு."

"அதுக்கு நேற்றெல்லோ தட்டியிருக்க வேணும்?"

"நேற்று எல்லாரும் தட்டினவை. அவைக்கு இண்டைக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. எனக்கு இருந்தது. எழும்பேக்கை காதுக்குள்ளை கிடந்தது."

வித்துவான் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, இடுப்புத் துண்டைச் சரிசெய்து, மாமாவைக் கும்பிட்டார். வேப்பங்குச்சிச் சாறு தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

ஒருமுறை அவரும் வழுக்கினார். மகள் தொடுதிரைப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒரு பின்னேரம் முழுக்க மனிசன் கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் மாமியும் குசினிக்குள் நின்று ஆளையாள் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை அவர் கிணற்றுக்கட்டில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"மூண்டு மணித்தியாலம் சிரிச்சிருக்கிறன் பிள்ளை. விடியத் தேடிப் பாக்கிறன், ஒண்டு கூட ஞாபகமில்லை. என்ரை வாயை ஆரோ இரவல் வாங்கிச் சிரிச்சுப்போட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு."

அதன்பிறகு அந்தப் போன் மகள் கூப்பிடும்போது மட்டும்தான் அலுமாரிக்கு வெளியே வந்தது.

இதெல்லாம் பகிடிதான். ஆனால் பகிடி மகளின் கலியாணத்தில் போய் முட்டியது.

வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெடியனை மகளுக்குப் பிடித்திருந்தது. அது மாமிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாமாவிடம் சொன்னால் 'விடியச் சொல்லுறன்' என்று மழைகாலம் முடியுமட்டும் இழுப்பார் என்று பயந்து, பேசிச் செய்கிற கலியாணம்போலவே எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை வான் ஒன்றில் ஏழுபேர் வந்து இறங்கினார்கள். பெடியனின் தாய் தாட்டியான மனிசி, கலகலவென்று கதைக்கிறவர். தகப்பன் மெலிந்தவர், மூலைக் கதிரையில் இருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. பெடியன் வடையைப் பாதி கடித்தபடி, மகளின் பக்கம் பார்க்கக்கூடாது என்று சுவரிலிருந்த கலண்டரையே படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கலண்டரில் பார்க்க ஒன்றும் இல்லை. போன மாதத்தது.

தாய்க்காரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நேராக விசயத்துக்கு வந்தார்.

"எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சுப்போச்சு. நாங்கள் மனசுக்குள்ளை வைச்சுக் கதைக்கிற ஆக்கள் இல்லை. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. எங்கடை பெடியனைப் பிடிச்சிருக்கோ?"

மாமாவின் தலை மெல்ல மேலே போனது. குசினி வாசலில் என்னோடு நின்ற மாமியின் விரல்கள் என் கையை இறுக்கின.

"விடியச் சொல்லுறன்."

தாய்க்காரி கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"விடியவோ? ஏன், இரவைக்கு ஆரிட்டையும் விசாரிக்கப் போறியளோ?"

"இல்லை அம்மா. நித்திரை கொண்டு எழும்பவேணும்."

"எங்கடை பெடியனைப் பாத்தால் உங்களுக்கு நித்திரை வருகுதோ?"

மாமா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நண்டிலிருந்து தொடங்கப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நல்லகாலம், அவர் நண்டுக்கு வரமுதல் அவர்கள் எழும்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வான் கதவு சாத்தின சத்தத்தில் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமி அழவுமில்லை, ஏசவுமில்லை. குசினிக்குள் போய், ஏழு பேருக்கும் என்று சமைத்த சோற்றுப் பானையை மூடினார்.

ஒரு மணிபோல மாமா வந்து மேசையில் இருந்தார். "சோறு?"

"விடியத் தாறன்" என்றார் மாமி.

மாமா கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு உதவியும் இல்லை. நாலு மணிக்குத் தேத்தண்ணி கேட்டார். "விடியத் தாறன்." எனக்கு மட்டும் அவருக்கு முன்னாலேயே சுடச்சுடப் போட்டுக் கொடுத்தார். வாசனை அவருடைய மூக்குக்குப் போவதை என்னால் பார்க்க முடிந்தது.

மாமி சொன்ன சொல் தவறுகிறவர் அல்ல. மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல்நாள் சோற்றையும் குளிர்ந்த பருப்பையும் ஒரு கோப்பையில் போட்டு மேசையில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ. விடிய எப்பிடி இருக்கெண்டு சொல்லுங்கோ."

மாமா முழுவதையும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தப் பெடியன் நல்ல பெடியன்" என்றார். "கலண்டரைப் பாத்துக்கொண்டு பட்ட பாட்டை எழும்பேக்கை நினைச்சன், சிரிப்பு வந்திட்டுது. பிள்ளைக்குச் சரியான ஆள்."

அப்போதுதான் மாமிக்கு அழுகை வந்தது. "என்னட்டை ஏன் சொல்லுறியள்? கேட்டவையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ! அவை போனையும் எடுக்கினமில்லை."

எனக்கு அன்று வவுனியாவில் கூட்டம் இருந்தது. மாமாவும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். மாங்குளம் தாண்டும்போது ஒருதரம், "அவை கதவு திறப்பினமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு விசயத்துக்குப் பயந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

திறந்தார்கள். தாய்க்காரி எங்களை இருத்திவிட்டு, ஒரு சொல்லும் கதைக்காமல் உள்ளே போய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பெடியன் மருந்துக்கடை திறக்கப் போகிற வேகத்தில், கையில் திறப்புக் கோர்வையோடு வாசலிலேயே நின்றுவிட்டான். மாமா ஒரு வாய் குடித்தார்.

"எப்பிடித் தேத்தண்ணி?" என்று கேட்டார் தாய்க்காரி. "அல்லது இதுக்கும் நாளைக்கு முதல் பஸ்ஸில வருவியளோ?"

மாமாவின் தலை மேலே போனது. அந்த வீட்டுக்கு வெள்ளைப் பலகையால் மட்டமாகக் கூரைத்தட்டு அடித்திருந்தார்கள். ஒரு தீராந்தி மரம் இல்லை, ஓடு இல்லை, சிலந்திவலைகூட இல்லை. பார்க்க ஒன்றும் அகப்படாமல் கண் திரும்பிக் கீழே வந்தது. நெற்றியில் வேர்வை.

"சீனி... கூடிப்போச்சு அம்மா."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூலைக் கதிரையிலிருந்து ஒரு பெருமூச்சுக் கேட்டது. பெடியனின் தகப்பன். "அப்பாடா!" என்றார் அந்த மனிசன். "முப்பது வரியமாச் சொல்ல நினைச்சு நினைச்சுக் குடிச்சுக்கொண்டிருக்கிறன்."

தாய்க்காரி புருசனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தாட்டியான உடம்பு, சிரித்தால் மேசையும் சேர்ந்து ஆடியது.

"சரி ஐயா, தேத்தண்ணிக்கு உடனை சொல்லிப்போட்டியள். பெடியனுக்கு?"

"பெடியனுக்கு விடிஞ்சிட்டுது அம்மா" என்றார் மாமா. "நல்ல பெடியன்."

வாசலில் திறப்புக் கோர்வை விழுந்த சத்தம் கேட்டது.

பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா காற்றுப்போன பந்துபோல இருந்தார். "உடனை சொல்லுறது பயங்கர வேலை பிள்ளை. நீங்களெல்லாம் நாளுக்குப் பத்துத்தரம் என்னண்டு சொல்லுறியள்?" என்றார்.

நல்ல செய்தியோடு போகிறோம், இன்றைக்குச் சூடான சோறு கிடைக்கும் என்று நினைத்தோம். நடந்ததை நான் மாமிக்கு ஒன்றும் விடாமல் சொன்னேன். தேத்தண்ணிக் கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப, ஆரோ ஒருத்தியின்ரை தேத்தண்ணிக்குக் குடிச்ச வாயோட உடனை சொன்னனீங்கள்."

"கூடாதெண்டெல்லோ சொன்னனான்!"

"எதையோ. சொன்னனீங்கள்தானே. எனக்கு முப்பத்தொரு வரியம். ஒருநாள், ஒருநாள் சோறு சூடாக் கிடக்கேக்கை சொல்லியிருக்கிறியளோ? நான் அடுப்படியிலை வெந்து போட்டுத் தருவன், நீங்கள் முகட்டைப் பாப்பியள். விடிய நீங்கள் வந்து நல்லம் எண்டேக்கை நான் அந்தக் கறியை மறந்துபோய் அடுத்த கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டு நிப்பன்."

"அது... பிள்ளைக்குச் சொன்னனான், வந்த கையோட போற சந்தோசம் எண்டு ஒண்டு..."

"போகட்டுமே!" என்றார் மாமி. "வந்த கையோட போறதெண்டால், போறதுக்கு முந்தி ஒருக்கா இருந்திட்டுப் போ எண்டு சொல்லவேண்டாமோ? வீட்டுக்கு வந்த ஆளை அப்பிடித்தான் அனுப்புறதோ?"

மாமா கூரையைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்தார். அவர் அப்படி ஒருவரை நேராகப் பார்த்துக்கொண்டு யோசித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. கடைசியில், "சரி. இனி உடனை சொல்லுறன்" என்றார்.

சொன்னார். அடுத்த நாளிலிருந்து வீட்டில் வேறு விதமான கரைச்சல் தொடங்கியது. முப்பத்தொரு வருடம் பூட்டிக் கிடந்த வாய், எப்போது திறப்பது என்று அதற்குத் தெரியவில்லை. மாமி கோப்பையை மேசையில் வைக்க முதலே, "நல்லம்!" என்பார். மூடியைத் திறக்க முதலே, "திறம்!" என்பார். ஒருநாள் மாமி வெறும் சட்டியைக் கழுவி வெயிலில் காயவைக்கக் கொண்டுபோக, "மிச்சம் நல்லம்!" என்று ஓடிவந்தார்.

"வாயிலை வைச்சிட்டுச் சொல்லுங்கோவன்!"

"வைச்சால் யோசனை வருமப்பா. யோசிச்சால் விடிஞ்சிடும்."

மாமி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கிழமைகளில் அவர் குசினிக்குள் தனியே நின்று சிரிக்கிற சத்தம் எனக்கு அடிக்கடி கேட்டது.

கலியாணம் வைகாசியில் நடந்தது. வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டு, பின்வளவில் அடுப்பு மூட்டி, கிளிநொச்சியிலிருந்து சமையல்காரர் வந்து சமைத்தார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கப் போகிற நேரம். தலைமைச் சமையல்காரர் ஒரு பெரிய அகப்பையில் பாயசம் அள்ளிக்கொண்டு மாமாவிடம் ஓடிவந்தார்.

"ஐயா, ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்கோ, பரிமாறலாமோ எண்டு."

"நல்லம்! திறமான பாயசம்! போடுங்கோ!" என்றார் மாமா. அகப்பை அவருடைய வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

பாயசத்துக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடுவது வழக்கம். அன்றைக்கு இரண்டு சமையல்காரர், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், ஆளுக்கொரு கைப்பிடி போட்டிருக்கிறார்கள்.

முந்நூறு பேர் அந்தப் பாயசத்தைக் குடித்தார்கள். அல்லது குடிக்கப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியாண வீடு அல்லவா? "வயிறு நிறைஞ்சுபோச்சு", "எனக்குச் சீனி வருத்தம்" என்று நல்ல முகத்தோடு கோப்பைகளைத் தள்ளி வைத்தார்கள். நானும் ஒரு மிடறு குடித்து, கண்ணில் தண்ணீர் முட்ட, பக்கத்திலிருந்தவரிடம் "அருமை" என்றேன். செம்மஞ்சள் வீட்டுக்காரர் இரண்டு கோப்பை வாங்கினார். இரண்டாவதை வாழையடியில் ஊற்றியதைக் கண்டேன். மாப்பிள்ளையின் தாய் மட்டும் கோப்பையை முழுக்கக் குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியளோ, அண்டைக்குத் தேத்தண்ணிச் சீனிக்கு நான் சிரிச்சதை மனசிலை வைச்சு எனக்காகச் சீனியைக் குறைச்சிருக்கிறார். தங்கமான மனிசன்."

பின்னேரம் மகளும் மருமகனும் வவுனியாவுக்குப் புறப்பட்டார்கள். வான் திரும்பி மறையுமட்டும் மாமா படலையடியில் நின்றார். பிறகு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழும்பினேன். பந்தல் பிரிக்க வந்தவர்கள் முதல்நாள் வேலை முடியாமல் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். கழுவாத கிடாரங்களில் காகங்கள் இருந்தன. மாமாவும் மாமியும் குசினி வாசற்படியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் போன வீடு. என்ன சொல்லி அவர்களோடு கதையைத் தொடங்குவது என்று தெரியாமல் நான் கதவடியில் தயங்கினேன்.

மாமிதான் முதலில் கதைத்தார்.

"இஞ்சாருங்கோ. நேற்று அந்தப் பாயசத்தை நீங்கள் வாயிலை வைச்சுப் பாத்தனீங்களோ?"

மாமா கோப்பைக்குள் பார்த்தார்.

"இல்லை."

"பேந்தென்னண்டு நல்லம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீதானே உடனை சொல்லச் சொன்னனீ."

மாமி தேத்தண்ணியைப் படியில் வைத்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியதைப் பார்த்து, அழப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தச் சம்பந்தி..." என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. "முழுக் கோப்பையும்... தங்கமான மனிசன் எண்டு..." அவருடைய தோள் குலுங்கியது. அப்போதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மாமா அவரை ஒருதரம் பார்த்தார். அவருக்கும் பிடித்துக்கொண்டது. முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, தேத்தண்ணிக் கோப்பை தட்டுப்பட்டு உருண்டு போனதையும் கவனிக்காமல் சிரித்தார்கள். காகங்கள் எழும்பிப் பறந்தன.

பந்தல்காரர் ஒருவர் திடுக்கிட்டு எழும்பி, சாரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன ஐயா? என்ன நடந்தது?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றார். "நேற்று எங்கடை வீட்டிலை கலியாணம் நடந்தது. நல்லம்."